கதவைப் பூட்டியது யார்?

சூசை செத்துவிட்டான் என்று, பாதிரிமார் பயிற்சி பெறும் குருமடத்திலிருந்து போன் வந்தது. லத்தீன் வகுப்பில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்திருக்கிறான்; மேசை விளிம்பில் மண்டை உடைந்து தரையெல்லாம் ரத்தமாம். சொன்னவரை "வாயைக் கழுவுங்கய்யா" என்று கத்திவிட்டேன். அவனை அறிந்த நீங்கள், ஒரு சாமியாரை அவன் இவன் என்கிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். குருமடத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். அவன் சாமியாரானான், நான் பாதியில் ஓடிவந்து கல்யாணம் கட்டிக்கொண்டேன். பிறகு அதே குருமடத்தில் இருவரும் லத்தீன் வாத்தியார்கள்.

பாடப்புத்தகத்து வாக்கியங்கள் அவனுக்கு ஆகாது. "குடியானவன் ரோசாப்பூவை நேசிக்கிறான்னு எழுதவாலே இம்புட்டுத் தூரம் வந்திருக்கானுக? நெசமா ஒருத்தன் எழுதுனதைக் குடு" என்பான். முதல் வருடத்துக்கே அசல் உரைநடைதான். எதைக் கொடுப்பது என்பதற்கு ஒரு வழி வைத்திருந்தான். ஜூன் மாதம் சமையற்கட்டுக்குப் போய், எடுத்துவைத்த பத்திகளைச் சமையல்காரப் பாக்கியம் அக்காவுக்குத் தமிழில் சொல்வோம். வெங்காயம் நறுக்கும் அக்காவின் கை நின்றால் பத்தி பாஸ். என் பத்திகள் பெரும்பாலும் வெங்காயத்தோடு போயின.

ஒரு வருடம் ரோமத் தளபதி ஒருவனின் போர்க்குறிப்பைக் கொண்டுபோனேன். சின்னச் சின்ன வாக்கியம், புதிய பையன்களுக்கு அல்வா மாதிரி. "பிடிச்ச ஊர் சனத்தை ஒரு தானியக் கிட்டங்கில அடைச்சு, வெளிய பூட்டி, தீ வச்சாங்கக்கா" என்றேன்.

கை நின்றது. அடுத்த நொடி கொதிக்கும் குழம்போடு கரண்டி என் தோளில் வந்து விழுந்தது. தாயில்பட்டியில், சோதனைக்கு ஆபீசர் வருகிறார் என்று வெளியே பூட்டிய பட்டாசு ஷெட்டுக்குள் அக்காவின் மகள் வெந்து செத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எனக்குத் தெரியும். வாக்கியம் சுலபம் என்ற சந்தோஷத்தில் மறந்து தொலைத்தேன்.

"பூட்டுனது யாரு? அவன் பேரு அதுல இருக்கா?" என்று அக்கா அலறினார்.

இல்லை.

வராந்தாவுக்கு வந்து பத்தி எழுதிய தாளைக் கிழிக்கப் போனேன். சூசை என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. நானும் அவன் மூக்கில் குத்தினேன்.

"கிழிக்காதலே! நாளைக்கு இந்தப் பயலுக கரிக்கட்டையாக் கெடக்கிறவுகளுக்குத்தான் அடக்கப் பூசை வைக்கப் போறானுக. அக்கா கேட்டதைக் கேக்கத் தெரியாம அங்கன போய் என்னத்தப் பேசுவானுக?"

மூக்கில் வழிந்த ரத்தத்தோடு திரும்ப உள்ளே போனான். "வைக்கவா, வேண்டாமாக்கா? நீங்க சொல்றதுதான்" என்றான். அக்கா கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தார்.

"வையுங்க சாமி. ஆனா நான் கேட்டதை அவுகளும் கேக்கணும்."

அந்த வருடத்திலிருந்து அதுதான் பரீட்சையில் முதல் கேள்வி. பையன்கள் பத்தியைத் துழாவிவிட்டு "எழுதலையே ஃபாதர்" என்பார்கள். "ஏன் எழுதலை? அதை எழுது" என்பான் சூசை.

சூசையின் அடக்கம் முடிந்த மறுநாள் குருமட அதிபர் என்னை அழைத்தார். "அந்த எரிக்கிற பத்தி இனிமே எதுக்கு சார்? சாந்தமா ஒண்ணு பாருங்களேன்."

மேசையில் ஓங்கிக் குத்தினேன். கண்ணாடி டம்ளர் உருண்டு உடைந்தது.

"பாக்கியம் அக்கா சொன்னா நிறுத்துறேன். நீங்க சொன்னா நிறுத்த மாட்டேன்."

சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஆத்திரம். இதை நான் ஆறவிட மாட்டேன்.