சரிவில் நிற்கிற கால்

என் கணவர் நுவரெலியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவர். நான் தலவாக்கலைப் பக்கம் பன்னிரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது அதே மைதானத்தில் புல் வெட்டுகிறேன். போன வருடம் வேலையாட்களுக்கு ஒரு ஜோடிப் போட்டி வைத்தார்கள். ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். இவர் தன் பழைய கூட்டாளியை விட்டுவிட்டு என் பெயரைக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எனக்கு வந்ததே கோபம்! தோற்றுப்போனால் இந்த மனுஷன் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பார்?

வேலை முடிந்ததும் ஏழாம் நம்பர் இரும்பு மட்டையோடு பழகினேன். மலைச்சரிவிலேயே நின்று பழகிய கால் என்னுடையது; சமதரையில் நின்றால் இடது முழங்கால் மேட்டைத் தேடித் தானாக மடங்கும். பாரமெல்லாம் வலது காலுக்குப் போய்விடும். போதாததற்கு, பந்தைத் தொடும் நேரத்தில் கை இரண்டும் வெடுக்கென்று மேலே கிளம்பும். கொழுந்தை ஒடித்துத் தோளுக்குப் பின்னால் கூடையில் போட்டுப் போட்டு வந்த பழக்கம். பந்து நாலு முழம் உருண்டு படுத்துக்கொள்ளும்.

"கொழுந்தா பறிக்கிற? தூக்காத புள்ள. மேலருந்து அமுக்கி அடி, அது தானா எந்திரிக்கும்."

"எந்திரிக்கணும்னா தூக்கத்தானேங்க வேணும்?"

"ஐயோ சாமி!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார்.

போட்டியன்று கடைசிக் குழி வரை சமமாக வந்துவிட்டோம். எதிர் ஜோடி அதை நாலு தடவை அடித்து முடித்தது. நாங்கள் மூன்றில் முடித்தால் கோப்பை எங்களுக்கு. இவர் பதற்றத்தில் அடித்த முதல் அடி நேரே ஒரு சரிவில் போய் நின்றது. அங்கிருந்து ஓடையைத் தாண்டித்தான் குழியும் அதன் கொடியும்.

"அண்ணி, கூடையக் கொண்டாரவா?" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

மலையைப் பார்த்து நின்றேன். கால் விரல்கள் தாமாகவே மண்ணைப் பிடித்துக்கொண்டன. பந்து பாதத்துக்கு மேலே, கைக்கு வாகாக இருந்தது. முழங்காலுக்குத் தேட ஒன்றுமில்லை, கைக்குத் தூக்க ஒன்றுமில்லை. அப்பாடா என்றிருந்தது. ஓங்கி ஒரே போடு! முதலில் பந்து, பிறகுதான் புல். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் அடித்ததே இல்லை. பந்து ஓடையைத் தாண்டிக் குழிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கூவ வேண்டும்போல் இருந்தது, கூவியும்விட்டேன்.

இனி இவர் தட்டிவிட வேண்டியதுதான். ஆனால் மனுஷன் காலை இங்கே வைத்து, அங்கே வைத்து, மறுபடியும் மாற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, மொதல்ல கால ஒழுங்கா வைங்க!"

மைதானமே சிரித்தது. இவரும் சிரித்துவிட்டார். தோள் தளர்ந்தது, பந்து குழிக்குள் விழுந்தது.

மறுநாள் காலை நான் புல் வெட்டப் போனபோது, இவருடைய கூட்டாளிகள் நாலு பேர் அதே சரிவில் மட்டையோடு தடுமாறிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, கால எங்கிட்டு வைக்கிறது?" நேற்றுக் கத்தியவர்தான் கேட்டார்.

இயந்திரத்தை நிறுத்தினேன்.

"கூடையக் கொண்டாங்க, சொல்லித் தர்றேன்."