கேட்டதற்கு மட்டும் பதில்

போர்ட் பிளேருக்கு மேலே ஏழாவது வட்டம் சுற்றுகிறோம். கீழே மழை. ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பறக்கிறோமா, பஞ்சுக்குள் நிற்கிறோமா என்றே புரியவில்லை. ஓடுபாதை தெரியாமல் இறங்க முடியாது, இன்னும் மூன்று சுற்றுதான், பிறகு சென்னைக்கே திரும்ப வேண்டும் என்கிறார் கேப்டன். இது அவருடைய நான்காவது அறிவிப்பு.

பக்கத்து இருக்கைப் பெண் போர்ட் பிளேரில் லம்பா லைன் பகுதிக்காரர். அவருடைய கணவர் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்க்கிறார். இந்த நேரத்தில் எங்கள் கேப்டனோடு பேசுவது அவராகத்தான் இருக்கும். கணவரிடம் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் மதுரையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறார் இந்தப் பெண்.

"நீங்க வர்றது அவருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது அங்கிள். பிளேன் திரும்புச்சுன்னா நானும் மெயின்லேண்டுலயே இருந்துடுவேன்."

"அப்படி என்ன சண்டை?"

"டவர்ல பேசுற மாதிரியே வீட்லயும் பேசுவார். காத்து இவ்வளவு, பாரிஷ் இவ்வளவு மில்லிமீட்டர். கேட்டதுக்கு மட்டும் பதில். கூட ஒரு வார்த்தை வராது."

ஒன்பதாவது வட்டத்தில் இறக்கை மெல்லச் சாய்கிறது. ஓடுபாதை தெரிவதாகக் கோபுரம் சொல்கிறது, இறங்குகிறோம் என்கிறார் கேப்டன். ஜன்னலில் அதே வெள்ளைதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா. உங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டுச் சொல்லிட்டாரோ?"

அந்தப் பெண் என் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறார்.

"அரே அங்கிள், அவர் தெரியுதுன்னா தெரியுது. எனக்காகக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டார்."