ஹன்னாவின் வாரபலன்

டென்மார்க்கில் ஆண்டின் ஐம்பத்திரண்டு கிழமைகளுக்கும் இலக்கம் உண்டு. பல் வைத்தியரிடம் போனால் "நாற்பத்துமூன்றாம் கிழமை வா" என்பார்கள். வந்த புதிதில், இந்தச் சனம் முழுவதும் ஆண்டை எண்ணிக்கொண்டே திரிகிறதா என்று திகைத்தேன். தை பிறந்து எத்தனை கிழமை என்று கேட்டால் நான் விரல் மடிக்கத் தொடங்கிவிடுவேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமையிடம் நாங்கள் கேட்டது ஒன்றைத்தான்: ஞாயிறு பத்திரிகையின் வாரபலன். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த காலத்தில் அதை எல்லோருக்கும் உரத்து வாசித்தவன் நான். எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு, முதலில் என் ராசியைத்தான் பார்ப்பேன்.

கோப்பன்ஹேகனில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, நடந்து வந்து மற்றவரின் கையில் சேர்க்க வேண்டும். மறுமுனையில் நின்றவள் ஹன்னா. ஐம்பது வயது யூதப் பெண். கட்டை உருவம், பெரிய குரல். ஒரு திங்கட்கிழமை அவள், தங்கள் வேதமான தோராவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கிழமைக்கு ஒன்றாக ஆண்டு முழுவதும் வாசிப்பார்கள் என்றாள். உலகத்து யூதர்கள் எல்லோருக்கும் அந்தக் கிழமைக்கு அதே பகுதிதானாம். அதிலிருந்து இன்றைய வாழ்க்கைக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளலாமாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. "எந்த ராசிக்கு?" என்று கேட்டேன்.

"எல்லோருக்கும்" என்றாள் அவள்.

முழு உலகத்துக்கும் ஒரே பலன் என்பது கொஞ்சம் சிக்கனமாகப் பட்டாலும், எனக்கு அப்போது ஒரு பலன் அவசரமாகத் தேவைப்பட்டது. மனைவி சரோஜினி ஊரை விட்டு வந்து, கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். அவளை இங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. என்னைப் போல அகதிகளாக வந்த தமிழர் பலருடைய விண்ணப்பங்களும் அப்படித்தான் கிடந்தன. வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கிழமை நோவாவின் கதை. உலகத்தை மூடிய வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க அவர் பேழையிலிருந்து புறாவை அனுப்புகிறார். முதல் தடவை அது வெறுமனே திரும்பியது, இரண்டாம் தடவை ஓர் இலையோடு வந்தது, மூன்றாம் தடவை திரும்பவேயில்லை, நிலம் காய்ந்துவிட்டது. "பொறுமையாகத் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டும், அதுதான் பாடம்" என்றாள் ஹன்னா. நான் கிழமைக்கு ஒரு தடவை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் தடவை, பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். இரண்டாம் தடவை, விவாகப் பதிவின் மொழிபெயர்ப்பை இன்னொரு தரம் கேட்டார்கள். இலை வந்துவிட்டது என்று ஹன்னாவைக் கட்டிப்பிடிக்காத குறை. மூன்றாம் தடவை யாருமே தொலைபேசியை எடுக்கவில்லை. புறா திரும்பாதது நல்ல சகுனம் என்று அன்று நான் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழிப் பக்கம் யாக்கோபு வந்தார். ராகேலை மணமுடிப்பதற்காக அவள் தகப்பனிடம் ஏழு வருடம் வேலை செய்தார். அவள் மேல் இருந்த அன்பினால் அது சில நாட்களாகத் தோன்றியது. அன்றே, ஹன்னா சொன்னாள் என்று, அதை அழகாக எழுதி சரோஜினிக்கு அனுப்பினேன். பதில் ஒரு மாதம் கழித்து வந்தது.

"சில நாள் மாதிரி இருந்ததெண்டு சொன்னது ஆர்? அந்த ஆம்பிளைக்குத்தானே அப்பிடி இருந்தது? அவளுக்கு எப்பிடி இருந்ததெண்டு ஆரும் கேட்டவையோ? இஞ்சை ஒரு ஃபானுக்குக் கீழை நாலு பேர் படுக்கிறம். எனக்கு ஒரு நாள் ஒரு நாளாய்த்தான் இருக்கு. அது கிடக்கட்டும், ஆர் அந்த ஹன்னா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு மிச்சத்தை ஹன்னாவிடம் சொன்னேன். அவள் விரிப்பின் முனையைக் கீழே போட்டுவிட்டாள். சனிக்கிழமை அந்தக் கேள்வியைத் தங்கள் தொழுகைக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே இரண்டு கிழவர்கள் இதை வைத்துச் சண்டை பிடித்து, காப்பியும் ஆறிப்போனதாம். "உன் மனைவி வேறு என்ன சொல்கிறாள்?" என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள்தான் என்னைவிடக் கூடுதலாகக் காத்திருந்தாள்.

யூதர்களைப் போகவிடாத எகிப்து மன்னன் பார்வோனின் நாட்டைக் கடவுள் தவளைகளால் நிரப்பிய கதைக்குச் சரோஜினி எழுதினாள்: "அவன் போக விடமாட்டன் எண்டு நிண்டவன். உங்கடை ஆக்கள் வர விடமாட்டம் எண்டு நிக்கினம். தவளை கிவளை அனுப்பிப் பாத்தியளோ?" அதுவும் தொழுகைக்கூடத்துக்குப் போனது. அவள் கேள்விகளுக்கு விசா தேவைப்படவில்லை. அதை நினைக்க எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, "இந்தக் கிழமை என்ன?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இந்தக் கிழமை ஒன்றும் இல்லை" என்றாள் ஹன்னா, விரிப்பைப் பார்த்தபடி.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையிலிருந்துகூடப் பாடம் எடுக்கக்கூடியவள் அவள். நான் விடவில்லை. மதியம் சொன்னாள்: இது கடைசிப் பகுதி. மோசே தன் சனத்தோடு நாற்பது வருடம் நடந்து வந்து, மலையில் ஏறி, கடவுள் தருவதாகச் சொன்ன நாட்டைக் கண்ணால் பார்க்கிறார். உள்ளே போகாமலே இறந்துவிடுகிறார்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது ஹன்னா கோபமாக நின்றாள். "இது பலன் இல்லை என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன்? முடித்த அதே நாளில் முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்குவோம்."

"அதே கதையைத்தானே?"

"அதே கதைதான். அதனால்தான் புதிதாகச் சண்டை பிடிக்க ஏதாவது வேண்டும். அவளுக்கு எழுது."

எழுதினேன். இன்னொரு ஆண்டு சுற்றி முடிந்தது. பிறகு, ஏன் இழுத்தடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லாமலே விசா வந்தது. எங்கள் விண்ணப்பங்களை முடக்கிவைத்த கதை வெளியே வந்து, அதற்காக ஓர் அரசாங்கமே பதவி விலகியதெல்லாம் பிந்தி நடந்தது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு சரோஜினி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "தவளை போய்ச் சேந்திட்டுது போலை" என்றாள்.

அதற்கு முன், விசா கிடைத்து அவள் வந்து இறங்கிய அன்று, விமான நிலையத்துக்கு ஹன்னாவும் பூவோடு வந்திருந்தாள். சரோஜினி இரண்டு பெட்டிகளோடு வெளியே வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து, "மெலிஞ்சு போனியள்" என்றாள். பிறகு ஹன்னாவை மேலும் கீழும் அளந்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இந்தக் கிழமை என்னவாம்?"

ஹன்னா சொல்ல நான் மொழிபெயர்த்தேன். "உன் தேசத்தையும் உன் தகப்பன் வீட்டையும் விட்டு, நான் காட்டும் தேசத்துக்குப் போ" என்று கடவுள் ஆபிராமுக்குச் சொல்கிறார். அவர் மனைவி சாராயையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார்.

"போய்ச் சேந்தினமோ?"

"ஓம், சேந்தினம். ஆனா கொஞ்சத்தாலை அங்கை பஞ்சம் வந்து, வேறை நாட்டுக்குப் போட்டினம்."

சரோஜினி தன் இரண்டு பெட்டிகளையும் பார்த்தாள். "அப்ப ஒரு பெட்டியை அவிழ்க்காமல் வைப்பம்."

ஹன்னாவுக்கு அதைச் சொன்னேன். விமான நிலையமே திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள். சரோஜினி சிரிக்கவில்லை.

ஹன்னா ஓய்வுபெற்றுவிட்டாள். விரிப்பின் மறுமுனையில் பல வருடங்கள் சரோஜினி நின்றாள். அந்தப் பெட்டி இன்றைக்கும் எங்கள் கட்டிலின் கீழே இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஆபிராம் புறப்படுகிற கிழமையில் அதை இழுத்தெடுத்து, அவள் கொண்டுவந்த சேலைகளுக்குக் காற்றுப் பிடிக்க விடுவாள். டேனிஷ் கணக்கில் அது அநேகமாக நாற்பத்துச் சொச்சமாம் கிழமை. பிறகு மடிக்க என்னைக் கூப்பிடுவாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நடந்து வந்து என் முனையை அவள் கையில் சேர்ப்பேன்.

"அலுமாரியிலை இடம் கிடக்கு" என்று இந்த முறையும் சொன்னேன்.

"கிடக்கட்டும்" என்று சேலையைப் பெட்டிக்குள் வைத்தாள்.