ரவுண்டு வந்தபோது உட்கார்ந்தவள்

எழும்பக் கூடாது என்று விளங்கும் மொழியில் சொன்ன பிறகும், வயிற்றில் தையலோடு ஒரு பெண் ஏன் எழுந்து நிற்க வேண்டும்? தாதியர் பயிற்சியில் எனக்குக் கிடைத்த முதல் வார்டிலேயே இந்தக் கேள்வி என்முன் வந்து நின்றது. அதுவரை, எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவளைப் போலவே பேசிக்கொண்டிருந்தேன்.

இரத்தினபுரியில் ஒரு சமூகக் கல்லூரியில் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு சிங்களத்தில் நடந்தது. கலைப் பட்டம் பெற்றவள் எதற்காக மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டார்கள். தேயிலை, ரப்பர் தோட்டத்து மக்களால் தங்கள் நோயைத் தங்கள் மொழியில் ஆஸ்பத்திரியில் சொல்ல முடிவதில்லை, அந்தக் குறையைத் தீர்க்க வருகிறேன் என்றேன். இடம் கிடைத்தது. வயதெல்லைப்படி அதுவே எனக்குக் கடைசி வாய்ப்பு. இழந்தால் மீண்டும் விண்ணப்பிக்க வழியில்லை.

"பட்டம் வாங்குனவ பீச்சட்டி தூக்கப் போறா," என்றார் அப்பா.

கொழுந்து பறித்துவிட்டு வந்து கால்நீட்டி அமர்ந்திருந்த அம்மா, "தூக்கட்டுமே. நான் கூடை தூக்கலையா? அவ தூக்குற எடத்துலயாவது கூரை இருக்கு," என்றார்.

கலவானப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறுவேன். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வேலை பழகி, நின்றுகொண்டே திரும்புவேன். இரவில் எலும்புகளின் பெயர்களைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்யும்போது என் கால் எலும்புகள்தாம் முதலில் வலிக்கும். சமூகத்துக்குப் பணி செய்வது இத்தனை அலுப்பூட்டும் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

தையலோடு எழுந்து நின்ற அந்தப் பெண் எஹலியகொடப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். கர்ப்பப்பையை அகற்றி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இரத்த அழுத்தம் குறைவாக இருப்பதால் உதவியின்றி எழும்பக் கூடாது என்று வார்டு சிஸ்டர் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண்ணும் என்னைவிடச் சரளமான சிங்களத்தில் சரி என்றார். ஆனால் பெரிய டாக்டரின் ரவுண்டு பக்கத்துக் கட்டிலுக்கு வந்ததும், காலைக் கீழே இறக்கி நேராக எழுந்து நின்றார். அடுத்த கணமே சாய்ந்தார். நானும் இன்னொரு மாணவியும் தாங்கிப் பிடித்தோம். அதற்குள் கட்டுத்துணி சிவந்துவிட்டது. மறுபடி தையல் போட வேண்டியதாயிற்று.

"உங்கள் ஆள்தானே? உங்கள் பாஷையிலேயே சொல்லிவையுங்கள். இன்னொரு முறை பிரிந்தால் அவளால் தாங்க முடியாது," என்றார் சிஸ்டர். அந்தப் பெண்ணுக்கு மயக்கம் தெளிந்ததும் அருகே போனேன்.

"அக்கா, எழும்பக் கூடாதுன்னு சிஸ்டர் மிஸ் சொன்னது வெளங்கலையா?"

"வெளங்குச்சே."

"அப்புறம் ஏன் எழும்புனீங்க?"

"நல்லா கேக்கிற புள்ள நீ! தொரை வர்றப்ப யாராச்சும் படுத்துக் கெடப்பாங்களா?"

"இது தோட்டம் இல்லக்கா."

"வெள்ளை உடுப்புப் போட்ட நீங்களே கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க. நான் மட்டும் மகாராணி மாதிரி மல்லாந்து கெடக்கவா?" சிரிக்கப் போனவர், தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டார்.

எழுந்தால் நேரக்கூடியதை ஒவ்வொன்றாக விளக்கினேன். தலையாட்டினார். நாளைக்கு எழும்ப மாட்டேன் என்றும் சொன்னார்.

மறுநாள் வாசலில் டாக்டரின் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணின் கை கட்டில் விளிம்பைத் தேடுவதைப் பார்த்தேன். அழுத்திப் பிடித்தால் திமிறுவார். சிஸ்டரைக் கூப்பிட்டால், சிஸ்டர் வருவதற்குள் காலை இறக்கிவிடுவார். ரவுண்டின்போது மாணவிகள் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. அதை மீறினால் என் இடம் என்னவாகும் என்பதும் தெரியும். கட்டிலடியிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயையோ, எழும்பு புள்ள! ஏசுவாங்க."

"நீங்க படுத்திருந்தா நான் உக்காந்திருப்பேன். நீங்க எழும்புனா நானும் எழும்பணும். எனக்குக் கால் வலிக்குதுக்கா."

அது பொய்யில்லை. அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு தலையணையில் தலையைச் சாய்த்தார். டாக்டர் காயத்தைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி நகர்ந்தார். சிஸ்டரின் பார்வை மட்டும் என்மேல் தங்கி நின்றது.

பயிற்சிப் பொறுப்பாளர் என்னை அழைத்து விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பாராட்டவுமில்லை, நம்ப மறுக்கவுமில்லை. எச்சரித்து, எஞ்சிய நாட்களுக்கு மருந்து கட்டும் அறைக்கு மாற்றினார். அங்கேயும் நின்றுகொண்டேதான் வேலை.

அந்தப் பெண் தையல் பிரியாமல் வீடு திரும்பினார். என் இடமும் பறிபோகவில்லை. ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று யாராவது கேட்டால், மொழிக்காக என்று இப்போது நான் சொல்வதில்லை.