விக்கலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

என் அம்மாவுக்கு விக்கல் எடுத்தால் எங்கள் வீட்டில் யாரும் முதலில் தண்ணீர் கொடுப்பதில்லை. பேர் சொல்வோம். யாரோ நினைக்கிறார்கள், அதனால்தான் விக்குகிறது. நினைப்பவர் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நின்றுவிடும். இது அம்மாவின் கட்சி. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். மீதிப் பேர் அதையெல்லாம் நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டு, விக்கல் வந்தால் வாய்க்குள்ளேயே பேர் சொல்லிப் பார்ப்பவர்கள்.

நான் மூன்றாவது கட்சி. பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, மில் ஆபீசுக்கு மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசகசாலைக்கு வரும் பத்திரிகைகளில் யுத்தச் செய்தி முதல் பல்பொடி விளம்பரம் வரை படித்ததில், எதற்கும் அத்தாட்சி வேண்டும், ருசு வேண்டும் என்ற ஞானம் எனக்குப் புதிதாக வந்திருந்தது. புதுச் செருப்பு வாங்கியவன் காரணமில்லாமல் தெருவில் நடப்பதைப் போல, நான் கண்டதற்கெல்லாம் ருசு கேட்டேன். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்றால், யாரும் வராத நாட்களில் காகம் எத்தனை தடவை கரைந்தது என்பேன். வாசலில் வந்து நிற்பவரிடம், "நூறு வயசு ஒனக்கு, இப்பத்தான் ஒன்னப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்று யாராவது சொன்னால், பேசியும் வராதவர்களின் பட்டியலைக் கேட்பேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிட வீட்டில் யாருக்கும் பிடிக்காத காலம் அது.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சமையலுக்குச் சொல்லியாயிற்று, மேளத்துக்கும் சொல்லியாயிற்று. ஒரே ஒரு இடத்துக்குத்தான் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்திக்கு, அம்மாவின் ஒரே தங்கைக்கு. வெற்றிலை பாக்குத் தட்டோடு அம்மாவே நேரில் போய் அழைக்க வேண்டும். அம்மா போகமாட்டேன் என்றாள். அம்மா வந்து கூப்பிடாமல் சித்தி வரமாட்டாள். ஏழு மைல் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு கனவு.

சித்தி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "ஏட்டி, ராத்திரி ஒரு கனாக் கண்டேன். ஒங்க வீட்டுக்காரவுக நிக்காவ, அவுக பின்னால ஒரே செவப்பா எரியுது. கொஞ்சம் சூதானமா இருங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். சித்தி மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எங்கள் குடும்பத்துப் பெண்களில் பத்திரிகை வாசிப்பவள் அவள் ஒருத்திதான். "கனவாவது மண்ணாவது! ராத்திரியில காரத் துவையலக் கொறச்சுத் தின்னு" என்று சிரித்தாள்.

மூன்றாம் மாதம் சித்தப்பா பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் ஒரு மூலை தீப்பிடித்தது. ஆட்கள் ஓடிவந்து அணைத்துவிட்டார்கள், பெரிய சேதமில்லை. யாரோ அணைக்காமல் போட்ட பீடிதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் விசாரிக்கப் போன அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, "நீ வாய் வச்சே, எரிஞ்சு போச்சு" என்றாள் சித்தி.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கனவை நம்பாதவள் கனவின்மேல் பழி போடுகிறாள். கனவை நம்புகிறவளோ, "கனாவெல்லாம் எங்கட்டி பலிக்கும், பீடியில்ல பத்துச்சு?" என்று அழுகிறாள். அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு பேரும் கட்சி மாறி நின்றார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு விக்கல் அதிகமாயிற்று. அவள் அவசரமாகச் சாப்பிடுவாள் என்பதையும், பச்சை மிளகாய் கடிப்பாள் என்பதையும் நான் சொல்லத்தான் செய்தேன். கேட்டால்தானே.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் விக்கல் எடுத்தது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தேவதானத்து அண்ணனா?" விக்கல். "வத்திராயிருப்பு மதினியா?" விக்கல். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "வில்லிபுத்தூர்க்காரியா?"

நின்றுவிட்டது.

"பாத்தியா?" என்று அக்காவைப் பார்த்தாள். "வாய்தான் பேசல. மனசு நெனைக்குது."

"அம்மா, சித்தியை எப்பவும் கடைசியாத்தான் சொல்லுதே" என்றேன். "அதுக்குள்ள மூச்சை அடக்கி அடக்கி விக்கல் தானா நின்னுருது. முதல்ல சொல்லிப் பாரேன்."

"நீயே சொல்லேன்லே அடுத்த மட்டம்."

மறுநாளே சந்தர்ப்பம் வந்தது. முதல் பேராகச் சித்தியைச் சொன்னேன். நிற்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன். அம்மா விக்கிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நம்பாத வாயால சொன்னா எப்படிலே நிக்கும்? பூட்டுக்கு அதது சாவி வேணும்லா?"

தோற்றுப்போன மாதிரி இருந்தது எனக்கு. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கினேன். ஒரு பாதி எங்கள் வீட்டில். அம்மாவுக்கு விக்கல் வரும் நேரத்தை நான் குறிப்பேன். மறுபாதி சித்தியிடம், அம்மாவை நினைக்கும் நேரத்தைச் சித்தி குறிக்க வேண்டும். மூன்று நாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ந்தது.

அம்மா உடனே சரி என்றாள். "நேரம் பொருந்துச்சுன்னா?"

"சித்தி நெனைக்காங்கதுக்கு ருசு கெடைச்சாச்சு. நீ தட்டை எடுத்துட்டுக் கெளம்பணும்."

"பொருந்தலைன்னா?"

நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அம்மா முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பம் அவ என்னை நெனைக்கல. பந்தல்ல நான் ஒத்தையா நின்னுக்கிடுதேன்."

அக்கா என் முழங்கையில் கிள்ளினாள். "ஒனக்கு இந்த வேலை தேவையாலே?"

எனக்கும் கொஞ்சம் உதறல்தான். ஆனால் விஞ்ஞானம் பின்வாங்கக் கூடாதே. வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மிதித்தேன்.

சித்தி விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் எதுக்கு அவளை நெனைக்கேன்? வெறுந்தாளாத்தான் திருப்பி வாங்கிட்டுப் போவே."

"வெறுந்தாளும் ருசுதான் சித்தி. ஆனா பொய் மட்டும் எழுதக்கூடாது."

"யாரைப் பாத்துலே பொய்ங்கே? கண்டதையும் காணாததையும் சொல்லுததுக்கு நான் என்ன ஒங்கம்மையா?" என்று தாளைப் பிடுங்கி டைம்பீசின் அடியில் செருகினாள்.

எனக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே மாப்பிள்ளை எப்படி, அக்காவுக்கு நகை வந்தாயிற்றா, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று வரிசையாக விசாரித்தாள். நான் சைக்கிளில் கால் வைத்தபோது, "வீட்டுல மத்தவங்க எல்லாரும் சுகந்தான?" என்றாள்.

"மத்தவங்கன்னா யாரு சித்தி?"

"போலே பேசாம!"

மூன்று நாளும் நான் பென்சிலோடு அம்மா பின்னாலேயே அலைந்தேன். அம்மா வழக்கத்தைவிட வேகமாகச் சோற்றை விழுங்கினாள். கள்ளாட்டம் என்று நான் கண்டித்ததும், பாவம், ஒரு நேரம் மட்டும் மென்று தின்றாள். அன்றைக்கு என்னவோ விக்கலே வரவில்லை. ஆக மொத்தம் ஒன்பது விக்கல்கள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தோடு குறித்தேன்.

நாலாம் நாள் போனபோது சித்தி தாளை மடித்து என் சட்டைப் பையில் திணித்தாள். "கொண்டுக்கிட்டுப் போ இந்தச் சனியனை. இதைக் குடுத்ததுலேருந்துதான் நெனப்பே வருது. அதுக்கு முந்தி நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன்."

வீடு வரை பொறுக்க முடியுமா? பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு தாளையும் விரித்தேன். சித்தியின் தாள் வெறுந்தாள் இல்லை. இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரத்திலும் எழுதியிருந்தாள். ஆனால் நான் தேடியது நேரங்களை மட்டும். ஒன்றுகூடப் பொருந்தவில்லை! ஒன்பதில் ஒன்றுகூட இல்லை! "ஜெயம்" என்று மரத்தடியில் சத்தமே போட்டுவிட்டேன். மாட்டு வண்டியில் போன ஒருவர் எனக்குப் பேய் பிடித்திருக்கிறதா என்று வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடமும் ருசு கேட்டிருப்பேன், நேரமில்லை.

வீட்டில் அம்மாவையும் அக்காவையும் உட்கார வைத்து முடிவை அறிவித்தேன். "ஒன்னும் பொருந்தலம்மா. விக்கலுக்கும் நெனப்புக்கும் சம்பந்தமே இல்ல."

அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு, "அவ என்ன எழுதிருக்கான்னு வாசி" என்றாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

வாசித்தேன். "காலை ஆறே முக்கால். புளி கரைக்கும்போது. உப்புக் காணாது என்பாள். ஏழு இருபது. கோலத்தில் ஒரு புள்ளி தப்பிவிட்டது. பார்த்தால் சிரிப்பாள். பத்து மணி. காரணம் இல்லை. பத்து ஐந்து. காரணம் இல்லை என்று எழுதியதால் மறுபடியும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, "ம், மேல" என்றாள்.

"மத்தியானம் ஒன்று. கல்யாணத்துக்குப் பச்சை கட்டுவாள். பச்சையில் கறுப்பாகத் தெரிவாள். யார் எடுத்துச் சொல்வது? சாயங்காலம் நாலு. கோபமாக நினைத்தேன். கோபமும் கணக்கில் சேருமா என்று பையனிடம் கேட்க வேண்டும்."

அம்மா திடுக்கென்று நிமிர்ந்தாள். கல்யாணத்துக்கு அவள் எடுத்து மரப்பெட்டியில் வைத்திருந்தது பச்சைச் சேலை.

"பச்சைன்னு அவளுக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா?"

"சொல்லலியே. நீ எப்பப் பாத்தாலும் பச்சைதானம்மா எடுப்பே. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கா தெரியும்? அவளுக்குத் தெரியும்னு சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சுவரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள். "ஏலே, நம்ம கடிகாரம் கால்மணி முந்தில்லா ஓடுது? அதைக் கழிச்சியா?"

எனக்கு வேர்த்துவிட்டது. அப்பா மில்லில் யந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நிற்க வேண்டும் என்று கடிகாரத்தை எப்போதும் கால்மணி முன்னால் தள்ளித்தான் வைத்திருப்பார். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறேன், அந்தக் கால்மணியைக் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். ருசு தேடும் வேகத்தில் அது நினைவுக்கு வரவில்லை. உடனே கழித்துப் பார்த்தேன். இரண்டு விக்கல் பொருந்தின.

"ஒன்பதுல ரெண்டுதாம்மா. அதுவும் ரெண்டும் சாப்பாட்டு நேரம். அந்த நேரத்துல எல்லாரும்…"

அம்மா அங்கே இல்லை. உள்ளே தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. வேறு சேலை கட்டி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வெளியே வந்தாள்.

"ரெண்டு பொருந்துனதுக்கா கெளம்புதே?" என்றேன்.

"எது பொருந்துனா எனக்கென்னலே? நாலு மணிக்குக் கோவமா நெனச்சாளாம். கோவிச்சுக்கிடக்கூட அவளுக்கு நான்தான வேண்டியிருக்கு. பஸ்ஸு போயிரும், வா."

நாங்கள் போய் இறங்கியபோது சித்தி அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் எங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பழைய கிட்டங்கி நாள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"பஸ்ஸுல கூட்டமா?" என்றாள் சித்தி.

"இல்ல. எடம் கெடைச்சுது."

"உள்ள வா. வெயில்ல நிக்கே."

அம்மா நேராக அடுப்படிக்குப் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "பாத்தியாலே? நான் வருவேன்னு மனசுல பட்டிருக்கு. ஒரு படி கூடப் போட்டிருக்கா."

"அது நாளைக்குக் காலையில பழையதுக்குத் தண்ணி ஊத்த" என்றாள் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். "இங்க பாரு, இனிமே கனாக் கண்டா எங்கிட்டச் சொல்லாத."

"சொல்லாம எப்படிட்டி இருக்க முடியும்? முந்தாநாத்துகூட ஒன்னு…"

"அக்கா!"

கல்யாணத்தன்று அம்மா அரக்குச் சேலையில் நின்றாள். பச்சையைச் சித்தி கட்டியிருந்தாள். தாலி ஏறி, கெட்டிமேளம் அடங்கி, எல்லாரும் மூச்சு விட்ட நேரம் அம்மாவுக்கு விக்கல் எடுத்தது. நினைக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் அந்தப் பந்தலுக்குள்ளேயே இருந்தார்கள். இதற்கு என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று நான் கிட்டத்தில் போனேன்.

"தண்ணியக் குடி, நின்னுரும்" என்று சித்தி செம்பை நீட்டினாள்.

"முதல்ல பேரைச் சொல்லுட்டி."

சித்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பு அவள் முகத்தில் ஒரு கணம் வந்து போனது. செம்பை அம்மா வாயில் சாய்த்துக்கொண்டே, காதோரம் குனிந்து, "தேவதானத்து அண்ணன்… வத்திராயிருப்பு மதினி…" என்று முணுமுணுத்தாள். பிறகு இன்னும் மெதுவாக ஏதோ ஒரு பேர். சொந்தப் பேராகத்தான் இருக்க வேண்டும், சொல்லும்போது சிரித்தாள்.

விக்கல் நின்றுவிட்டது. தண்ணீர் இறங்கியதும் நின்றதா, பேர் சொன்னதும் நின்றதா என்று என்னால் குறிக்க முடியவில்லை. கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.