டென்மார்க் பெட்டி சிதம்பரம் பஸ் ஏறிய கதை

கடலூர், சிதம்பரம் பக்கம் போகிறோம், ஏதாவது சொல்லுங்கள் என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். நான் போய்வந்து ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குச் சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

நான் போனது 2009 மார்ச்சில். சுற்றிப்பார்க்கப் போகவில்லை, ஒரு மீன்பெட்டிக்காகப் போனேன். மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. டென்மார்க்கில் குளிர் காக்கும் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனி நம் ஊரில் கடை விரிக்கப் பார்த்தது. மீன் விற்கும் பெண்களுக்கென்று நீல நிறத்தில் ஒரு பெட்டி செய்திருந்தார்கள். காலையில் ஐஸோடு மீனைப் போட்டு மூடினால் சாயங்காலம் வரை கெடாது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஆறு பெண்களுக்கு ஆளுக்கொன்று இலவசமாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது என்ன ஆயிற்று என்று பார்க்க ஹென்ரிக் என்ற இன்ஜினியர் வந்தார். இரண்டு நாளைக்கு அவருக்கு வாயும் காதும் நான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏறினோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, புதுச்சேரி தொட்டு, கிட்டத்தட்ட 185 கிலோமீட்டர். டிக்கெட் எழுபது ரூபாய். போகும்போது இடது பக்கச் சன்னலைப் பிடியுங்கள், கடல் அங்கங்கே எட்டிப்பார்க்கும். கம்பெனி கார் தருவதாகச் சொல்லியும் ஹென்ரிக்தான் பஸ் போதும் என்றார். முதல் ஒரு மணி நேரம் அந்த முடிவுக்காக அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் பார்ப்பதற்கெல்லாம் பெயர் கேட்டு நோட்டில் எழுதினார். உப்பளம் என்றேன், எழுதினார். சவுக்குத் தோப்பு என்றேன், எழுதினார். தூங்குகிறேன் என்றேன். அதையும் எழுதியிருப்பார்.

இவருடைய நாட்டுக்காரர்கள் எப்போதோ கப்பலேறி வந்து தரங்கம்பாடியில் வியாபாரம் செய்தவர்கள். அவர்களுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருப்பார், இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பத்து மணிக்குக் கடலூர். பஸ் நிலையம் இருக்கும் இடம் திருப்பாதிரிப்புலியூர். பக்கத்திலேயே லாட்ஜ், ஒரு அறை நானூற்றைம்பது, வெந்நீர் கேட்டால் வாளியில் தருவார்கள். அங்கிருந்து தேவனாம்பட்டினம் மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் என்று விசாரித்து வைத்திருந்தேன். அறுபது கேட்டார். வெள்ளைக்காரர் கூட இருந்தால் இருபது ரூபாய் கூட, அதில் பேரம் பேசிப் பயனில்லை.

ஆட்டோவில்தான் ஹென்ரிக் விஷயத்தைச் சொன்னார். ஆறு பெட்டிகளில் குறைந்தது மூன்றிலாவது மீன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இந்தப் பக்கத்து வேலையை மூடிவிடும்படி மேலிடத்து உத்தரவு. அந்தப் பெட்டியை வரைந்ததே அவர்தான். இதைச் சொல்லும்போது அவர் நோட்டை மூடி வைத்திருந்தார்.

முதல் வீட்டில் பெட்டிக்குள் அரிசி இருந்தது. எலி புகாதாம். இரண்டாவது வீட்டில் குடிதண்ணீர். மூன்றாவது பெட்டி ஒரு பெட்டிக்கடை வாசலில் கலர் சோடாவோடு நின்றது. நான்காவது ஊரிலேயே இல்லை. மகளுக்குச் சீர்வரிசையோடு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டதாம், மேலே ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியாமல். ஐந்தாவது வீட்டுப் பெண் பெட்டியைத் திறந்து காட்டினார். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், வீட்டுப் பட்டா, ஒரு கல்யாண போட்டோ.

"அலை வந்தா இது மெதக்கும்ல மேடம்" என்றார்.

சுனாமி அந்த வீட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. இந்தக் காகிதங்களை மறுபடி வாங்க இரண்டு வருடம் அலைந்திருக்கிறார். நான் மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் தலையாட்டிவிட்டு, நோட்டில் ஐந்தாவது முறையாக 'மீன் இல்லை' என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரும் என்னதான் செய்வார், நோட்டில் இருந்த கேள்வி அது ஒன்றுதானே.

ஏன் மீன் வைக்கவில்லை என்று கேட்டால் ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னார்கள். மூடி போட்ட பெட்டியில் மீன் இருந்தால் வாங்குகிறவர்கள் அதை ஐஸ் மீன் என்பார்கள். நம் ஊரில் ஐஸ் மீன் என்றால் பழைய மீன். அன்னக்கூடையில், அதாவது அந்த அகலமான அலுமினியப் பாத்திரத்தில், கண்ணுக்கு எதிரே கிடந்தால்தான் அது காலை மீன். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்கள். மீனைப் புதிதாக வைத்திருக்கச் செய்த பெட்டி, மீனைப் பழசாகக் காட்டியது. இதை ஹென்ரிக்குக்கு விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மூடியில் கண்ணாடி வைத்தால் என்ன என்று கேட்டார். கூடவே வந்திருந்த சோடாக் கடைக்காரர் சிரித்தார்.

ஆறாவது வீடு வசந்தா அக்காவுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும், நெட்டையான ஆள். பெட்டி கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தது, மீன் வாடை லேசாக இருந்தது. ஹென்ரிக் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் ஆறில் ஒன்று மூன்றாகாது. பெட்டியைத் திரும்பக் கேட்கச் சொன்னார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

வசந்தா அக்கா கத்தவில்லை. பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "நாளைக்கிப் பொதங்கெழம, நான் செதம்பரம் போவேன். கூட வரச் சொல்லுங்க. பாத்துட்டு அப்பறம் எடுத்துக்கட்டும்" என்றார்.

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருந்தோம். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. வசந்தா அக்கா சங்கராவும் கிழங்கானும் கொஞ்சம் நெத்திலியும் எடுத்தார். ஐஸ் போட்டு, மீனை அடுக்கி, மூடியை அழுத்தினார். பெட்டியைத் தூக்க ஹென்ரிக் கை கொடுத்தார். வெறும் அன்னக்கூடை அக்கா இடுப்பில் இருந்தது. அது எதற்கு என்று ஹென்ரிக் கேட்டார், எனக்கும் தெரியவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பஸ் கட்டணம் பதினாறு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். ரயில் பாதையை அகலப்படுத்தும் வேலை நடப்பதால் இப்போது ரயில் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது சின்ன அசௌகரியம். வசந்தா அக்காவுக்கு அது பிழைப்பு. முன்பெல்லாம் கூடையோடு பாசஞ்சரில் ஏறிவிடுவாராம். சிதம்பரத்தில் அவருக்கு நிரந்தர வாடிக்கை, விலையும் நன்றாகக் கிடைக்கும். ரயில் நின்றதும் பஸ்ஸுக்குப் போனார். கூடையைப் பார்த்ததும் விசில் ஊதிவிடுவார்களாம். தண்ணீர் ஒழுகும், அடுத்தவர் புடவை நாறும். கடலூர்த் தெருக்களில் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக விற்றுக்கொண்டிருந்தார், இந்தப் பெட்டி வரும் வரைக்கும்.

7.20 பஸ். கண்டக்டர் படியில் நின்று பார்த்தார். குனிந்து பெட்டிக்கு அடியில் கையை வைத்துத் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"ஏத்திக்கம்மா. லக்கேஜ் டிக்கெட் போட்டுடறேன்."

அவ்வளவுதான். நாங்கள் ஏறிவிட்டோம். பின்பக்கம் நாலைந்து சீட் காலியாக இருந்தது. நானும் ஹென்ரிக்கும் உட்கார்ந்தோம். வசந்தா அக்கா உட்காரவில்லை. பெட்டி சீட்டுக்கு அடியில் போகவில்லை, நடைபாதையில் நின்றது. பஸ் திரும்பும்போதெல்லாம் அது நகரும், யார் காலிலாவது இடிக்கும். முழங்காலால் அதை அண்டக் கொடுத்து, மேல்கம்பியைப் பிடித்து, நின்றபடியே வந்தார். நான் எழுந்து உட்காரச் சொன்னேன்.

"பொட்டிக்கி எடம் கெடச்சிச்சி. எனக்கின்னும் கெடைக்கல மேடம்" என்றார், வருத்தமாகக்கூட இல்லை. எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். உட்கார்ந்தால் பெட்டியை யார் பிடிப்பது, உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார் என்றார். எனக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்துதான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டை நிறுத்தத்தில், இரவு ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் திபுதிபுவென்று ஏறினார்கள். ஒருவர் நேராக வந்து பெட்டி மேல் உட்கார்ந்தார். மூடியில், உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் மேல் குறுக்கே கோடு போட்ட படம் ஒட்டியிருந்தது. ஹென்ரிக் பாதி எழுந்துவிட்டார். அந்தத் தொழிலாளி தன் கால்களுக்கு நடுவே தெரிந்த படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, என்னாத்துக்கு வாணாங்கறான்?" என்றார். சிதம்பரம் வரை பெட்டி அவரைத் தாங்கியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. வாடை வந்தால்தானே கேட்பதற்கு.

எட்டு முப்பத்தைந்துக்கு இறங்கினோம். மார்க்கெட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே வசந்தா அக்கா நின்றுவிட்டார். ஒரு டீக்கடையின் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தார். மீனை எடுத்து, ஒட்டியிருந்த ஐஸைத் துடைத்து, அன்னக்கூடையில் தலை ஒரே பக்கம் பார்க்க அடுக்கினார். கடற்கரையில் பார்த்த அதே பளபளப்பு. பிறகு காலிப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மறைத்தார்.

ஹென்ரிக் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டு வருடம் உழைத்து வரைந்த பெட்டியைச் சாக்கு போட்டு மூடினால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஏன் மறைக்கிறார் என்று கேட்கச் சொன்னார்.

"பொட்டி மீன் விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லுங்க. அது பஸ் ஏர்றதுக்கு."

அப்படியே மொழிபெயர்த்தேன். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். புரிந்திருந்தது. நோட்டை எடுத்தவர், ஐந்து 'மீன் இல்லை'யையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதையும் எழுதாமல் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குள் கூடை காலி. ஒரு வாத்தியார் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கிலோ சங்கரா வாங்கியதை ஹென்ரிக் போட்டோ எடுத்தார். அதன்பின் மூவரும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். சிதம்பரம் போய் இதைச் சாப்பிடாமல் வந்தால் நான் பொறுப்பல்ல. கோயில் நடுப்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் அரை மணி நேரத்தில் தரிசனம் முடித்தேன். ஹென்ரிக் வரவில்லை. திரும்பி வந்தால் பஸ் நிலையத்தில், நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குள் மண்டிபோட்டு, சீட்டுக்கு அடியில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். டிரைவரும் இரண்டு கண்டக்டர்களும் வேடிக்கை பார்த்தார்கள். பெட்டி நாலு விரல் உயரம் அதிகம். வசந்தா அக்கா விரலை வைத்துக் காட்டினார், டேப்பும் அதையே சொன்னது.

பெட்டியை ஹென்ரிக் திரும்பக் கேட்கவில்லை. அரிசி, தண்ணீர், சோடா, சேத்தியாத்தோப்புச் சீர், பட்டா எதையும் கேட்கவில்லை. கிளம்பும் முன் மூடியில் இருந்த 'உட்காராதே' படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார். மேலிடத்தில் தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளிநாட்டுக் கம்பெனி, ஒரு பஸ் சீட்டின் உயரத்துக்காகப் பெட்டியை மாற்றுமா?

மாற்றியது. போன வாரம் வசந்தா அக்கா போன் செய்தார். நாலு விரல் குறைத்து, நீளத்தைக் கூட்டி, இழுக்க வார் வைத்துப் புதுப் பெட்டி வந்திருக்கிறதாம். இப்போது தேவனாம்பட்டினத்திலிருந்து நாலு பேர் போகிறார்களாம், ஐந்தாவது வீட்டு அக்காவும் சேர்த்து. அவர் இரண்டு பெட்டி வைத்திருக்கிறார், ஒன்று மீனுக்கு, ஒன்று பட்டாவுக்கு. வியாபாரம் எப்படி என்று கேட்டேன். அது கெடக்கு என்றார்.

"நேத்து குந்திக்கினே போனம்மா. செதம்பரம் வரைக்கும். சன்னலோரம்."

இதுவரை என்னை மேடம் என்றவர், அன்றைக்குத்தான் 'அம்மா' போட்டுப் பேசினார். நான் கொஞ்சம் அழுதேன், போனில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

இனிப் போகிறவர்களுக்கு. கடலூரில் ஓர் இரவு போதும், சில்வர் பீச்சுக்குக் காலையில் போங்கள். சிதம்பரத்துக்கு 7.20 பஸ் நல்லது, வெயிலுக்கு முன் போய்விடலாம், சில்லறை வைத்திருங்கள். தரங்கம்பாடியும் பார்க்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் ஒதுக்குங்கள், எங்களுக்கு நேரமில்லை. மீன் வாங்குவதென்றால் ஒன்பதுக்குள் வாங்குங்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதன், சனி, ஞாயிறு அந்தப் பஸ்ஸில் பின்பக்கச் சன்னலோரம் ஒரு நெட்டையான அக்கா இருப்பார், காலடியில் நீலப் பெட்டி இருக்கும். பக்கத்து சீட் காலியாக இருந்தால் உட்காருங்கள்.