வெந்நீர்த் தொட்டியில் என் மாமனார்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்து ஒன்றிரண்டு வருடங்களே ஆகியிருந்த சமயம். அதற்கு முன்பெல்லாம் பெரிய கப்பல் என்றால் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்த்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். புதுத் துறைமுகத்தில் கப்பல் கரையோடு ஒட்டியே நின்றதும் ஊரே வேடிக்கை பார்க்க அலைந்தது. நான் வேலை பார்த்த கப்பல் முதல் தடவையாக எங்கள் ஊருக்கு வந்ததும் அப்போதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது சரக்குக் கப்பல்தான். ஆனாலும் பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டும் மேல்தளத்தில் வசதியான அறைகள் உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள். மாதக்கணக்கில் துறைமுகம் துறைமுகமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். நான் அவர்களுக்கு ஸ்டூவர்ட். படுக்கை விரிப்பேன், காபி கொண்டுபோவேன். எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை, அவர்களுடைய வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது. ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிய வெள்ளைத் தொட்டி.

அதற்கு மேலே சுவரில் ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. வயதான பயணிகள் பத்து நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் இருக்கக் கூடாது. சாப்பிட்ட உடனேயும் மது குடித்த பிறகும் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் தலையை முக்கக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லாமல் குளிக்கக் கூடாது. எழும்போது மெதுவாக எழ வேண்டும். எனக்கு இது மனப்பாடம். ஒவ்வொரு கிழவரிடமும் கிழவியிடமும் தினமும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பேன். பத்து நிமிடம் ஆனதும் வெளியிலிருந்து கதவைத் தட்டுவேன். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்தாலே "போலீஸ் வந்துவிட்டது" என்று சிரிப்பார்.

பயணிகள் எல்லாரும் காரில் கன்னியாகுமரி பார்க்கப் போயிருந்த ஒரு பகல். அனுமதி வாங்கி என் மாமனாரையும், மாமியாரின் தம்பியையும் கப்பல் பார்க்க அழைத்து வந்தேன். மாமியாரின் தம்பியை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள். மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்கள்.

மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் பெயர் பெற்ற முத்துக்குளிகாரர். முத்துக்குளிப்பு நின்ற பிறகு சங்கு குளித்தார். அவர் இறங்கும்போது மேலே தோணியில் அவரை இழுத்தெடுக்கிற கயிற்றைப் பிடித்தது இந்தச் சித்தப்பாதான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கவனம் பிசகமாட்டான் என்ற நம்பிக்கை.

மாமனாருக்கு அப்போது முழங்கால் வலி. தைலம் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போயிருந்தார். நம் கப்பலில் இவ்வளவு வெந்நீர் இருக்கும்போது மாமனாரை ஒரு குளியல் போட வைத்தால் என்ன என்று எனக்கு ஆசை. பயணிகள் தொட்டியில் வெளியாளை இறக்குவது தப்பு. தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் மாப்பிள்ளை முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே. சமையற்கட்டில் காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் இருந்தார். அவர் ஆட்டுக்கறியும் சோறுமாகப் பரிமாறி, மாமனாருக்கு ஒரு கிளாஸ் பிராந்தியும் ஊற்றிக் கொடுத்தார். அந்த வயிற்றோடு நேரே கூட்டிப்போய்த் தொட்டியில் இறக்கினேன்.

பலகை என் கண் முன்னால்தான் இருந்தது. ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். கடலின் அடி வரைக்கும் போய் வந்த மனுஷனிடம், இடுப்பளவு தண்ணீருக்குப் பத்திரம் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது. அந்த எச்சரிக்கையெல்லாம் வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு என்றுதான் நினைத்தேன்.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "சூடு முட்டுக்குள்ள எறங்குது மாப்ளே, சொகமா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் வெந்நீர் திறந்துவிட்டேன். கால் மணி நேரத்துக்கு மேலே போயிருக்கும். திடீரென்று, "ஒரு முங்கு முங்குதேன், எண்ணும்" என்றார். காலை மடக்கித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நானும் நண்பரும் வாசலில் நின்று சத்தமாக எண்ணினோம். நாற்பதில் எழுந்து குறும்பாகச் சிரித்தார். நாங்கள் கை தட்டினோம்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் சொல்லாமல் மறுபடி தலை உள்ளே போனது. நாங்களும் மறுபடி எண்ண ஆரம்பித்தோம். முப்பது, நாற்பது. ஐம்பது வந்ததும் நண்பர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வயதில் இந்த மூச்சு யாருக்கு வரும் என்று எண்ணிக்கைக்கு நடுவிலேயே சொன்னேன்.

சித்தப்பா அதுவரை மேல்தளத்தில் கப்பலைக் கட்டியிருந்த வடக்கயிறுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தானைத் தேடிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். தண்ணீரை ஒரு தடவைதான் பார்த்தார். அடுத்த நொடி எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டு, உடுத்திய வேட்டி சட்டையோடு தொட்டிக்குள் பாய்ந்து, மாமனாரின் அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்தார்.

மாமனாரின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சித்தப்பா முதுகில் ஓங்கித் தட்டினார். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் தண்ணீர் வந்தது. ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு மூச்சு. சித்தப்பா என்னைப் பார்த்து, "முங்குதவன் கை இறுக்கிப் பிடிச்சிருக்கும் மாப்ளே. அத்தான் கை விரிஞ்சு மெதந்துச்சே, அது தெரியலையா?" என்றார்.

வேலை போனால் போகட்டும் என்று ஓடிப்போய், கப்பலில் மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியை அழைத்து வந்தேன். அவர் நாடி பிடித்துப் பார்த்தார். சாப்பாடு, பிராந்தி, வெந்நீர் மூன்றும் சேர்ந்து ரத்த அழுத்தம் இறங்கி மயங்கியிருக்கிறார், முங்கியது மூச்சுப் பிடித்து அல்ல, நினைவு தப்பி என்றார். கரையில் டாக்டரிடம் உடனே காட்டச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. பலகையைக் காட்டி, அதை அந்தப் பெரியவருக்கு அவர் மொழியில் படித்துச் சொல் என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

துண்டைப் போர்த்திச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாமனாரின் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல், "இம்புட்டையும் முன்னாலயே சொல்லியிருந்தீருன்னா நான் எறங்கியிருப்பனா மாப்ளே? கடல்ல அத்தன வருசமும் மச்சினன் சொல்லு கேட்டுத்தான உசுரோட வந்தேன். உம்ம சொல்லு கேக்கமாட்டேன்னா நெனைச்சீரு?" என்றார்.

அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் பார்த்துவிட்டு பயமில்லை என்று சொன்ன பிறகுதான் சித்தப்பா முகம் தெளிந்தது. ஈர வேட்டியோடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், "அக்காட்ட ஒண்ணும் மூச்சு விடாண்டாம். நான் தண்ணில தவறி விழுந்தேன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். அப்படியே சொன்னார். மாமியார் அவரை ஒரு வாரம் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மாமனார் பன்னிரண்டு வருடம் நன்றாக இருந்தார். என் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த இரண்டு பேரும் ஒரே இலையைப் பங்கு போடாத குறையாக உட்கார்ந்து சாப்பிடும்போது நான்தான் பரிமாறுவேன்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. எனக்கே எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குத் தினமும் சொன்ன அந்தப் பலகை வரிகளை என் சொந்த மாமனாருக்குச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் உயிர் போய்க்கொண்டிருந்த ஐம்பது நொடியையும் சந்தோஷமாக எண்ணிக்கொண்டு நின்றவன் நான் என்பதை நினைத்தால், இன்றைக்கும் என் உடம்பு பதறுகிறது.